மறக்கும் நினைவகமும் மறவா நினைவகமும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பிள்ளைகளின் நாடகத்துக்கு ஒப்பனை முடியும் வரையில் அறிவியற் பொருள் ஒன்றைப்பற்றிச் சில சொல்லுமாறு விழாக் குழுவினர் பணித்தனர். நாடகத்துக்கு முன்னே மேடையேறுவோர் சுருங்கச் சொல்லி விரைந்து இறங்குதல் வேண்டும் என்பதை நாம் அறியாதவர் அல்லோம். ஆயினும் இன்று எடுத்துக்கொண்ட பொருள் நம் ஒவ்வொருவர் விரலிலும் மையாய் ஒட்டியிருந்த பொருள். ஆதலின் சற்றே பொறுத்துக் கேட்டருள வேண்டுகிறோம்.

2024ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலை நினைவுகூருங்கள். களியக்காவிளைப் பக்கத்து நம் உறவினர் ஏப்ரல் 19ஆம் நாள் வாக்களித்தனர். விளவங்கோட்டார் அன்றே சட்டமன்ற இடைத்தேர்தலுக்கும் சேர்த்து இரண்டு பொத்தான்களை அழுத்தினர். இஞ்சிவிளைக்கு இப்பால், பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் வாழும் நாம் ஏப்ரல் 26ஆம் நாள் வாக்களித்தோம். இரு திறத்தார் வாக்குகளும் எண்ணப்பட்ட நாள் ஒன்றே. அது சூன் 4. எனவே அவர்கள் வாக்கு 46 நாளும் நம் வாக்கு 39 நாளும் முத்திரையிட்ட காப்பறைகளில், விசை அணைக்கப்பட்ட பெட்டிகளுக்குள் இருந்தன. மின்சாரம் நின்றால் விளக்கு அணைகிறது. கணிப்பொறியில் பாதி எழுதிய கடிதம் மறைகிறது. மின்னோட்டமே இல்லாத பெட்டிக்குள் 39 நாள் நம் வாக்கு மட்டும் எங்கே, எவ்வாறு இருந்தது? நம் குடியிருப்பில் தறி நெய்யும் மூதாட்டியார் ஒருவர் எண்ணிக்கை நாளன்று கேட்ட வினா இது. பள்ளி இறுதி வகுப்பில் மின்னணுவியல் கற்கும் பிள்ளைகள் பலர் அருகிலிருந்தும், பாடநூலில் உள்ள விடை அவர்கள் நாவில் வரவில்லை. பாடநூல் வினாவை இவ்வாறு கேட்பதில்லை அன்றோ!

விடை குறைகடத்தி நினைவகம் என்னும் பொருளில் இருக்கிறது. செம்பு மின்சாரத்தைத் தடையின்றி விடும். கண்ணாடி விடவே விடாது. சிலிக்கன் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. விடச் சொன்னால் விடும், தடுக்கச் சொன்னால் தடுக்கும். அவ்வியல்பு கொண்டு டிரான்சிஸ்டர் என்னும் சிறு மதகை அமைத்து, மதகு திறந்திருந்தால் 1 என்றும் மூடியிருந்தால் 0 என்றும் கொள்கின்றனர். அவ்வொன்றுக்கு ‘பிட்’ என்று பெயர். எழுத்தும் எண்ணும் படமும் பாட்டும் யாவும் இவ்விரண்டு குறிகளின் வரிசையே. அவ்வரிசையை வைத்திருக்கும் இடம் நினைவகம். சிலிக்கன் சில்லுகள் வருமுன்னர் இவ்வேலையைக் கம்பியிற் கோத்த காந்த மணிகள் செய்தன. பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தில் நம்மவர் அமைத்த ‘டிஃப்ராக்’ கணிப்பொறியில் அத்தகைய மணிகள் 2,048 சொற்களைத் தாங்கின. இங்கே ‘சொல்’ என்றது 40 பிட் கொண்ட ஒரு தொகுதியை. அக்காந்த மணிக்கு ஒரு நற்குணம் உண்டு: மின்சாரம் போனாலும் மறவாது. சிலிக்கனுக்கு மாறியபோது விரைவும் சிறுமையும் கிட்டின. மறதியும் கூடவே வந்தது. அம்மறதியை வெல்லும் முயற்சியே குறைகடத்தி நினைவகத்தின் வரலாற்றிற் பெரும்பகுதி.

மறக்கும் இனத்தை முதலில் பார்ப்போம். இதனை ‘ரேம்’ என்பர். எந்த இடத்தையும் எந்த வரிசையிலும் நேரே சென்று எழுதவும் படிக்கவும் இயலும் நினைவகம் என்பது அதன் கருத்து. இதில் இரு வகை. ஒன்று ‘எஸ்-ரேம்’. ஒரு பிட்டுக்குப் பொதுவாக ஆறு டிரான்சிஸ்டர்கள். அவை ஒன்றையொன்று தாங்கி நிற்கும். இருவர் எதிரெதிரே நின்று கைகோத்துச் சாய்ந்தால் இருவரும் விழாமல் நிற்பது போன்றது அது. மின்சாரம் உள்ளவரை அசையாது, விரைவும் மிகுதி. ஆனால் இடமும் விலையும் அதிகம். இன்டெல் நிறுவனம் 1969இல் விற்ற இத்தகைய முதற் சில்லு 64 பிட்களையே கொண்டிருந்தது.

மற்றொன்று ‘டி-ரேம்’. இதனை ஓட்டைக் குடம் என்று சொன்னால் நம் தாய்மார்களுக்கு எளிதில் விளங்கும். ஒரு பிட்டுக்கு ஒரு டிரான்சிஸ்டரும் மின்னேற்றம் தாங்கும் சிறு மின்தேக்கி ஒன்றுமே போதும். குடத்தில் நீர் இருந்தால் 1, இல்லையேல் 0. குடம் ஒழுகும். ஆதலின் ஒழுகி முடியுமுன் பார்த்து, நீர் இருந்த குடத்தை மீண்டும் நிரப்ப வேண்டும். வழக்கமாக 64 மில்லி நொடிக்கு ஒருமுறை, அதாவது நொடிக்கு ஏறத்தாழப் பதினாறு முறை, ஒவ்வொரு குடத்தையும் பார்த்து நிரப்பும் வேலை ஓயாது நடக்கிறது. படிக்கும்போதே குடம் காலியாகிவிடுமாதலின், படித்தவுடன் திரும்ப எழுதவும் வேண்டும். இத்தனை தொல்லை இருந்தும் உலகம் இதனையே பெரிதும் மேற்கொண்டது. ஏனெனில் சிறு இடத்தில் எண்ணற்ற குடங்களை அடுக்கலாம். ஒற்றை டிரான்சிஸ்டர் முறையைக் கண்ட ஐ.பி.எம். பொறியாளர் ராபர்ட் டென்னார்டுக்கு 1968இல் காப்புரிமை கிடைத்தது. 1970இல் வெளிவந்த இன்டெல் 1103 என்னும் டி-ரேம் சில்லு 1,024 பிட்களைத் தாங்கியது. இன்று நம் பிள்ளைகள் கையிலுள்ள 8 ஜி.பி. செல்பேசியின் ரேம் ஏறத்தாழ 6,872 கோடிப் பிட்களைத் தாங்குகிறது. டென்னார்டு 2024 ஏப்ரல் 23இல் மறைந்தார்; நம் ஊர் வாக்குப்பதிவுக்கு மூன்று நாள் முன்பு. நம் நாளிதழ்களுக்கு அன்று வேறு செய்திகள் இருந்தன.

இவ்விரண்டும் மின்சாரம் நின்றதும் மறந்துவிடும். வாக்குப் பெட்டியின் உள்ளேயும் கணக்கிடும் வேலைக்கென்று சிறிது ரேம் உண்டு. நாம் பெண்டிர் கோலமிடுமுன் சுண்டுவிரலால் தரையில் புள்ளி எண்ணுவது போன்றது அதன் பணி. அந்த இடத்தில் வாக்கு இருந்திருக்குமாயின் விசையை அணைத்த அன்றே மறைந்திருக்கும்.

இனி மறவா இனம். இதற்கு உவமை தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டா. எல்லைக்கு அப்பால் முஞ்சிறைப் பக்கத்தில் பார்த்திவபுரம் இருக்கிறது. ஆய் மன்னன் கருநந்தடக்கன் 9ஆம் நூற்றாண்டில் அங்கே கோயிலும், 95 மாணவர்க்கு இடமளிக்கும் சாலையும் அமைத்தான். அதனைத் தமிழ்ச் செப்பேட்டில் வெட்டுவித்தான். ஆயிரத்து நூறு ஆண்டுக்கு மேல் ஆகியும் அது படிக்கக் கிடக்கிறது. செப்பேட்டில் வெட்டியதைப் படிக்கலாம், திருத்தலாகாது. திருத்தினால் திருத்திய வடு தெரியும். மின்னணுவியலில் இத்தகைய நினைவகம் ‘ரோம்’ எனப்படும். படிப்பதற்கு மட்டும் உரியது. அதில் ஒரு வகையில், சில்லு வார்க்கப்படும்போதே செய்தியும் அதனுள் வார்க்கப்பட்டுவிடும். மற்றொரு வகை ‘ப்ராம்’. இது வெற்றேடாக வரும். வாங்கியவர் ஒரே ஒருமுறை எழுதிக்கொள்ளலாம்.

அந்த ப்ராம் தோன்றிய ஆண்டு நமக்கு மறவா ஆண்டு. 1956 நவம்பர் முதல் நாள் விளவங்கோடும் கல்குளமும் தோவாளையும் அகத்தீசுவரமும் சென்னை மாநிலத்தோடு இணைய, நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. நம் குடும்பங்கள் பலவற்றின் நடுவே ஒரு கோடு விழுந்தது. அதே 1956இல் அமெரிக்காவில் வென் சிங் சௌ என்னும் பொறியாளர் அட்லஸ் ஏவுகணையின் கணிப்பொறிக்காக ப்ராம் முறையைக் கண்டார். ஏவுகணையின் இலக்குக்குரிய எண்களை உள்ளே எழுதவேண்டும்; பின்னர் எவரும் மாற்றலாகாது. அவர் கண்ட வழிகளுள் ஒன்று, டையோடுகளுக்குள் இருந்த மெல்லிய மயிர்க்கம்பிகளை மிகை மின்னோட்டத்தால் உண்மையாகவே எரித்துவிடுதல். எரிந்த இடம் ஒரு குறி. எரியாத இடம் மறு குறி. எரிந்த கம்பி மீண்டும் முளையாது. நினைவகத்தில் எழுதுவதை இன்றளவும் ‘எரித்தல்’ என்று தொழிலோர் சொல்வதற்கு இதுவே மூலம். உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் ‘எரிக்கப்பட்ட நினைவகம்’ என்ற சொல் வந்தபோது, வாக்குப் பெட்டியில் தீப்பிடித்ததோ என்று அஞ்சியவர்களும் நம்மிடையே உண்டு. அச்சம் வேண்டா; எரிப்பு என்பது எழுத்து.

ஆனால் இவ்விடத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. அதனை விட்டுவிட்டால் பின்னர் சொல்லப்போகும் வழக்கு விளங்காது. பிற்காலத்தில் எரித்தல் என்ற சொல் நிலைத்தது; எரியும் கம்பி பெரும்பாலும் போய்விட்டது. அதன் இடத்தில் வந்தது ‘மிதக்கும் வாயில்’. 1967இல் பெல் ஆய்வுக்கூடத்தில் டாவோன் காங், சைமன் சே என்னும் இருவர் இதனைக் கண்டனர். டிரான்சிஸ்டரின் நடுவே, கண்ணாடி போன்ற ஆக்சைடுப் படலத்தால் நாற்புறமும் அடைக்கப்பட்ட ஒரு சிற்றறை உண்டு. கதவும் இல்லை, கம்பியும் இல்லை. சற்று உயர்ந்த மின்னழுத்தம் கொடுத்தால் எலெக்ட்ரான்கள் சுவரை ஊடுருவி உள்ளே புகும். அழுத்தத்தை நீக்கினால் வெளியேற வழியின்றி உள்ளேயே கிடக்கும். மின்சாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவற்றுக்கு ஒன்றே. இத்தகைய சில்லுகளைச் செய்வோர் பத்தாண்டு முதல் நூறாண்டு வரை செய்தி நிற்கும் என உறுதி தருகின்றனர்; மிகு வெப்பத்தில் அக்காலம் குறையும். மூதாட்டியாரின் வினாவுக்கு விடை இச்சிற்றறையே. 39 நாள் என்பது அதற்கு ஒரு பொருட்டன்று.

உள்ளே புகுந்த எலெக்ட்ரானை வெளியேற்றுவது எப்படி? இவ்வொரு வினாவுக்கு மூன்று காலத்தில் மூன்று விடைகள் வந்தன; மூன்றும் மூன்று வகை நினைவகமாயின.

முதல் விடை ஒளி. 1971இல் இன்டெல் நிறுவனத்தில் டோவ் ஃப்ரோமன் அமைத்த ‘இ-ப்ராம்’ சில்லின் முதுகில் ஒரு சிறு பளிங்குச் சன்னல் இருக்கும். புற ஊதாக் கதிரை அதன் வழியே பதினைந்து இருபது நிமிடம் பாய்ச்சினால், உள்ளிருக்கும் எலெக்ட்ரான்கள் ஊக்கம் பெற்றுச் சுவரைத் தாண்டிவிடும். சில்லு முழுவதும் வெற்றேடாகும். அதற்குச் சன்னல் வைக்காமல் வெறும் பிளாஸ்டிக்கில் மூடிவிட்டால், ஒளி புகாது. ஆகவே அழிக்க இயலாது. ‘ஒருமுறை மட்டும் எழுதத்தக்கது’ என்று விற்கப்பட்ட சில்லுகள் பல உண்மையில் சன்னல் இல்லாத இ-ப்ராம்களே! உள்ளே இருப்பது ஒன்றே. கூரை மட்டும் வேறு.

இரண்டாம் விடை மின்சாரம். சுவரின் ஓரிடத்தை மிக மெல்லியதாக்கி, எதிர் அழுத்தம் கொடுத்து எலெக்ட்ரானை வந்த வழியே இழுத்துவிடுவது. இதற்கு ‘இ-இ-ப்ராம்’ என்று பெயர். சில்லைக் கழற்ற வேண்டியதில்லை. வேண்டிய ஓர் எழுத்தை மட்டும் அழித்து எழுதலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் சுவர் சிறிது தேயும். நூறாயிரம் முறை, சிறந்தவை பத்து இலட்சம் முறை எழுதலாம், அதன்மேல் உறுதியில்லை. நம் மின்கட்டண மீட்டர் மின்வெட்டுக்குப் பின்னும் பழைய அளவீட்டை மறவாதிருப்பது இத்தகைய நினைவகத்தால். செல்பேசியின் சிம் அட்டையும் இந்த இனமே. தான் கடைசியாக எந்த வலையமைப்பின் எந்தப் பகுதியில் இருந்தோம் என்பதைச் சிம் அட்டை தனக்குள் ஒரு சிறு ஏட்டில் குறித்துக்கொள்கிறது; அவ்வேடு அடிக்கடி எழுதப்படும் ஏடு என்று அதன் தர விதிகளே சொல்கின்றன. கேரள வட்டத்துக் கோபுரமும் தமிழ்நாட்டு வட்டத்துக் கோபுரமும் மாறி மாறி நம் பேசியை அழைத்துக்கொள்ளும் இவ்வெல்லையூர்களில், வீட்டுத் திண்ணையில் இருந்தபடியே அவ்வேடு எத்தனை முறை திருத்தப்படுகிறதோ! நிலத்தில் ஒருமுறை கிழித்த கோட்டை நம் சிம் அட்டைகள் நாள்தோறும் தாண்டுகின்றன.

மூன்றாம் விடை ஃப்ளாஷ். ஜப்பானியத் தோஷிபா நிறுவனத்தின் ஃபுஜியோ மசுவோகா 1984இல் உலகுக்கு அறிவித்தது. எழுத்தெழுத்தாக அன்றி, ஒரு பெருந்தொகுதியை ஒரே பொழுதில் அழிப்பது. புகைப்படக் கருவியின் ஒளிவீச்சுப் போல ஒரு கணத்தில் அழிவதால் அப்பெயர். பென் டிரைவும், செல்பேசியில் படங்கள் இருக்கும் இடமும் இதுவே. விலை மிக மலிவு. இன்று நுண்கட்டுப்படுத்திச் சில்லுகளில் கட்டளை நிரலை எழுதும் இடமும் பெரும்பாலும் ஃப்ளாஷே. வேண்டும்போது அழித்து எழுதலாம். வேண்டாவெனில் பூட்டுக் குறி ஒன்றை இட்டு, இனி எழுதுதல் ஆகாது என்று அடைத்துவிடலாம். அடைத்தபின் அது செப்பேடு போல நடந்துகொள்ளும். நடந்துகொள்வது வேறு, செப்பேடாகவே இருப்பது வேறு. இவ்வேறுபாடே வழக்கின் உயிர்நிலை.

இனி வாக்குப் பெட்டிக்கு வருவோம். இந்திய நாட்டில் மின்னணு வாக்குப்பதிவு முதன்முதல் நடந்த இடம் நம் கேரளமே. 1982 மே மாதம் பரவூர்ச் சட்டமன்றத் தொகுதியில் 50 சாவடிகளில் இக்கருவி வைக்கப்பட்டது. சிவன் பிள்ளை 123 வாக்கு மிகுதியில் வென்றார், தோற்ற ஏ.சி. ஜோஸ் வழக்காடினார். கருவி தவறாக எண்ணியது என்பதற்காக அன்று, கருவியைப் பயன்படுத்தச் சட்டத்தில் இடமில்லை என்பதற்காக 1984இல் உச்ச நீதிமன்றம் அந்த 50 சாவடிகளிலும் மறு வாக்குப்பதிவுக்கு ஆணையிட்டது. சீட்டில் வாக்களித்தபோது ஜோஸ் வென்றார். பின்னர் 1988இல் சட்டம் திருத்தப்பட்டது. 2001ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில் கேரளம், தமிழ்நாடு ஆகிய இரு மாநிலங்களிலும் எல்லாத் தொகுதிகளிலும் இக்கருவி வந்தது. எல்லைக்கு இருபுறமும் ஒரே ஆண்டில் வாக்குச் சீட்டு போய்ப் பொத்தான் வந்ததை நம்மிற் பலர் கண்டிருக்கிறோம்.

பெட்டிக்குள் நினைவகம் ஒன்றன்று. இதனைப் பலரும் கருதுவதில்லை. எப்படி எண்ணுவது என்னும் கட்டளை நிரல் ஓரிடத்தில் ‘எரிக்கப்பட்டு’ இருக்கிறது. அது மாறவே கூடாதது. நாம் இட்ட வாக்குகள் மற்றோரிடத்தில் இருக்கின்றன. அவை தேர்தலுக்குத் தேர்தல் அழிந்து புதிதாக எழுதப்பட வேண்டியவை. ஒப்புகைச் சீட்டை அச்சிடும் விவிபேட் கருவியில் வேட்பாளர் பெயரும் வரிசை எண்ணும் சின்னத்தின் படமும் உள்ளன. அவை தொகுதிக்குத் தொகுதி வேறாதலின், தேர்தலுக்குச் சில நாள் முன்பு சின்னம் ஏற்றும் கருவியால் ஃப்ளாஷ் நினைவகத்தில் ஏற்றப்படுகின்றன. மாறாதது, அழிந்தெழுதுவது, ஏற்றப்படுவது என மூன்று. ஒவ்வொன்றுக்கும் கேட்கவேண்டிய கேள்வி வேறு. ‘பெட்டி நல்லதா, கெட்டதா’ என்று ஒரே கேள்வியாகக் கேட்டுச் சண்டையிடுவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

வாக்கு இருக்கும் நினைவகத்தைப் பற்றிய கேள்வி: அது மறக்கிறதா என்பதன்று, மறக்க வேண்டியதை மறந்ததா என்பதே. காலையில் வாக்குப்பதிவு தொடங்குமுன் முகவர்கள் கண்முன்னே குறைந்தது 50 மாதிரி வாக்குகள் இடப்படுகின்றன. பின்னர் ‘மூடு’, ‘முடிவு’, ‘அழி’ என்று மூன்று பொத்தான்களை முறையே அழுத்தி வெறுமையாக்க வேண்டும். அழிக்க மறந்தால், மறவா நினைவகம் அந்த மாதிரி வாக்குகளையும் பத்திரமாக வைத்திருந்து உண்மை வாக்கோடு கூட்டிவிடும்! 2019 நாடாளுமன்றத் தேர்தலில் களமசேரிப் பகுதியில் ஒரு சாவடியில் இவ்வாறே நேர்ந்து, வாக்களித்தவர் தொகையைவிட வாக்கு மிகுந்து நிற்க, ஏப்ரல் 30இல் மறு வாக்குப்பதிவு நடத்த வேண்டியதாயிற்று. அங்கே தோற்றது நினைவகம் அன்று, மனித நினைவு.

இன்னொரு கேள்வியும் உண்டு. அழிந்தெழுதத்தக்க ஏடாதலின், உரியவர் அன்றி வேறொருவர் அதில் எழுதினால்? 2010இல் ஐதராபாத்தின் ஹரி பிரசாத், மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் ஹால்டர்மன், நெதர்லாந்தின் ராப் கோங்கிரைப் ஆகியோரும் அவர்தம் குழுவினரும் பழைய மாதிரி இயந்திரம் ஒன்றைத் திறந்து காட்டினர். வாக்கு இருக்கும் இ-இ-ப்ராம் சில்லின்மீது துணிக்கவ்வி போன்ற சிறு கருவியை மாட்டி வாக்குகளை மாற்றலாம் என்பது அவர்கள் செய்முறை. பெட்டியைத் திறந்து சில்லைத் தொட முடிந்தாலன்றோ அது நடக்கும், முத்திரையும் காவலும் எதற்கு என்பது தேர்தல் ஆணையத்தின் மறுமொழி. இரு தரப்பும் சொன்னதில் பொருள் உண்டு. பின்னர் வந்த மூன்றாம் தலைமுறை இயந்திரம், திறக்க முயன்றால் செயலிழந்து நின்றுவிடுமாறு அமைக்கப்பட்டது. 2013 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விவிபேட் கருவியைப் படிப்படியாகக் கொண்டுவரப் பணித்தது. ஏழு நொடி கண்ணாடிக்குப் பின் தெரிந்து பெட்டிக்குள் விழும் அத்தாள், சிலிக்கன் நினைவகத்துக்கு அருகில் வைத்த ஓலை. மலையாள எழுத்துப் படிக்கத் தெரியாத நம் முதியோர்க்குச் சின்னமே எழுத்து; ஏழு நொடியில் அவர்கள் படிப்பது அதனையே. அச்சின்னம் ஏற்றப்பட்ட நினைவகம் எது, யார் ஏற்றினர், எப்போது ஏற்றினர் என்பது ஆகையால் அவர்களுக்குப் புறம்பான செய்தி அன்று.

மாறாதது என்று சொன்ன நிரலைப் பற்றித்தான் வழக்கு மிகுதி. அச்சில்லு ஒருமுறை மட்டும் எழுதத்தக்கது என்று ஆணையம் தொடர்ந்து கூறிவந்தது. 2019இல் வெங்கடேஷ் நாயக் என்பார் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்டபோது, பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் தன் இயந்திரத்தில் உள்ள நுண்கட்டுப்படுத்தி என்.எக்ஸ்.பி. நிறுவனத்தின் ஆக்கம் என விடையளித்தது. என்.எக்ஸ்.பி.யின் குறிப்பிலோ அச்சில்லில் எஸ்-ரேம், ஃப்ளாஷ், இ-இ-ப்ராம் ஆகிய மூன்று நினைவகமும் உண்டு என்று இருந்தது. ஃப்ளாஷ் இருக்குமாயின் ஒருமுறை எழுதத்தக்கது என்பது எவ்வாறு என்று வினவினர் ஒரு சாரார். இவ்வளவு நேரம் கேட்டிருந்த நமக்கு இவ்வினாவின் எடை தெரியும். அதற்குரிய விடையின் எல்லையும் தெரியும்: ஃப்ளாஷில் எழுதிப் பூட்டிவிட்டால் மேலெழுத இயலாதவாறு செய்யக்கூடும். அப்படியாயின் ஆராயவேண்டியது ஏட்டின் பெயரை அன்று, பூட்டின் உறுதியை. அதனை ஆலையின் ஆவணமும் பொறியாளர் சோதனையும் காட்ட வேண்டும். மேடைப் பேச்சு காட்டாது, நம் பேச்சு உட்பட.

நாம் வரிசையில் நின்று வாக்களித்த அதே 2024 ஏப்ரல் 26ஆம் நாள், நீதிபதிகள் சஞ்சீவ் கன்னாவும் தீபாங்கர் தத்தாவும் தில்லியில் தீர்ப்புரைத்தனர். வாக்குச் சீட்டு முறைக்குத் திரும்ப வேண்டும் என்பதையும், ஒப்புகைச் சீட்டுகளை முழுவதும் எண்ண வேண்டும் என்பதையும் அவர்கள் ஏற்கவில்லை. ஆனால் இரண்டு நினைவகங்களைக் குறித்து இரண்டு ஆணைகள் பிறப்பித்தனர். சின்னம் ஏற்றும் கருவிகளை முத்திரையிட்டு, முடிவு வந்தபின் 45 நாள் காப்பறையிலேயே வைத்தல் வேண்டும் என்பது ஒன்று. இரண்டாம், மூன்றாம் இடம் பெற்ற வேட்பாளர் ஏழு நாளுக்குள் எழுதிக் கேட்டால், சட்டமன்றத் தொகுதிக்கு நூற்றுக்கு ஐந்து இயந்திரங்களில் எரிக்கப்பட்ட நினைவகத்தைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள் சோதித்துக் காட்டுதல் வேண்டும் என்பது மற்றொன்று. செலவைக் கேட்டவர் ஏற்க வேண்டும்; குற்றம் காணப்பட்டால் திருப்பித் தரப்படும்.

சோதிக்கும் முறையில் மீண்டும் சிக்கல் எழுந்தது. நிரலைச் சோதிப்பதென்று மாதிரி வாக்கிட்டுப் பார்த்தால், முன்னிருந்த வாக்கு அழிந்துபோகுமே! 2025 பிப்ரவரி 11இல் நீதிமன்றம் ஆணையத்திடம், சோதனையின்போது உள்ள தரவை அழிக்கவும் வேண்டா, புதிதாக ஏற்றவும் வேண்டா என்றது. ஒரு நினைவகத்தைப் பார்க்கப் போய் இன்னொன்றை அழித்துவிடலாகாது என்பதே அதன் கருத்து. பாடநூலில் ஒரு பக்கத்தில் அடங்கும் ரேம், ரோம், ஃப்ளாஷ் என்னும் பிரிவுகள் இந்நாட்டின் தலைமை நீதிபதி முன் எத்தனை எடை பெற்றன என்பதை நம் பிள்ளைகள் கருதிப் பார்க்கட்டும்.

நம் குடும்பங்களிலிருந்து சாவடி முகவர்களாக அமர்வோர் பலர். கட்சி எதுவாயினும் ஆகுக. அவர்களுக்கு நாம் சொல்வது சிறிது. மாதிரி வாக்குக்குப் பின் ‘அழி’ பொத்தான் அழுத்தப்பட்டு எல்லாம் சுழி என்று திரையில் வரும்வரை இருக்கையை விட்டு எழாதீர்கள். காலைச் சிற்றுண்டி வருவது பெரும்பாலும் அந்நேரத்தில்தான். மாலையில் தலைமை அலுவலரிடம் 17-சி படிவத்தின் படியைக் கேட்டுப் பெறுங்கள். பதிவான வாக்கின் தொகை அதிலிருக்கும். இயந்திரத்தின் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். 39 நாளுக்குப்பின் அப்பெட்டியின் நினைவகம் சொல்வதோடு ஒப்பிட உங்களிடம் இருப்பது அந்தத் தாள் ஒன்றே.

நாடகத்துக்கு மணி அடித்தாயிற்று. பக்கத்து அறை மேசைமேல் பழைய கணிப்பொறியிலிருந்து எடுத்த சில்லுகள் சிலவற்றைப் பரப்பி வைத்திருக்கிறோம். அவற்றுள் ஒன்று பளிங்குச் சன்னல் உள்ள இ-ப்ராம். சன்னல் மீது ஒரு காகிதம் ஒட்டியிருக்கும். வெயில் பட்டால் உள்ளிருப்பது நாளடைவில் மங்கும் என்பதற்காக ஒட்டியது அது. பிள்ளைகள் கையில் எடுத்துப் பார்க்கலாம். காகிதத்தை மட்டும் உரிக்க வேண்டா.